புகார் கொடுத்தவர் வீட்டுக் கதவு

2017ஆம் ஆண்டு, சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு முடிந்த மறுவாரம். வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கவாட்டில், வாய்க்கால் ஓரமாக நான் எட்டு மாதம் வளர்த்த கறிவேப்பிலைக் கன்றைக் காணோம். முருங்கையையும் காணோம். பழைய பெயிண்ட் வாளியில் வைத்திருந்த துளசி, வாளியோடு போய்விட்டது. மண்ணைச் சீராக நிரவி, மேலே புல்லை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே ஒரு செடி இருந்ததற்கான அடையாளமே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

இரண்டு வாரத்துக்கு முன்பே அறிவிப்பு ஒட்டினார்களாம், மின்தூக்கிக்குப் பக்கத்தில். நான் இரண்டாம் மாடி. படிக்கட்டில் ஏறி இறங்குகிறவள். மின்தூக்கிப் பக்கம் போவதே இல்லை.

கோபத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏழு தொட்டி வாங்கி வந்து வீட்டு வாசலில் வரிசையாக வைத்தேன். இந்தத் தடவை அறிவிப்பு என் கதவிலேயே வந்து ஒட்டியது. பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலத்துக்காவது வழி விட்டிருக்க வேண்டும், தீ விபத்து என்றால் ஆட்கள் ஓட வேண்டும், தூக்குப் படுக்கை போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அளந்து பார்த்தேன். என் தொட்டிகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எனக்குப் பிழைப்பே வழக்கறிஞர் அலுவலகத்தில்தான். அப்போதே இருபத்திரண்டு வருஷமாக எழுத்தர் வேலை. அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தை வரி வரியாகச் சரிபார்க்கிறவள், என் செடி நிற்கிற நிலம் யாருடையது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டில், கதவுக்கு உள்ளே இருப்பதுதான் நம்முடையது. வெளியே உள்ள நடைபாதை, கீழ்த்தளம், புல்வெளி எல்லாமே பொது. பராமரிப்பு நகர மன்றத்தின் பொறுப்பு. எனக்குத் தெரியாததல்ல. ஆனால் செடி என்று வந்தால் நமக்குச் சட்டம் பொருந்தாது என்று மனசுக்குள் ஓர் எண்ணம் இருந்தது போலும்.

அதோடு விட்டுவிட்டேன். ஒன்றரை வருஷம் கடையில்தான் கறிவேப்பிலை வாங்கினேன்.

2018 ஜூலையில் மகள் ஒரு கையேட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள் அப்போது. இங்கே நடந்த உலக நகரங்கள் மாநாட்டுக்குப் போய் வந்திருந்தாள். அந்த ஆண்டு லீ குவான் இயூ உலக நகரப் பரிசு தென்கொரியாவின் சோல் நகரத்துக்கு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சிங்கப்பூர் கொடுக்கிற பரிசு அது. அதற்கு முந்தைய முறை கொலம்பியாவின் மெடலின் வாங்கியது. கையேட்டில் பாலங்கள், பூந்தொட்டிகள், சைக்கிள்கள். நான் புரட்டிக்கொண்டே வந்து ஒரே இடத்தில்தான் நின்றேன். சோல் மேயர் ஒரு வழக்கறிஞர்.

பார்க் வோன் சூன். 1956ல் பிறந்தவர். 1975ல் அன்றைய சர்வாதிகாரத்துக்கு எதிரான மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டு, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டுச் சிறைக்கும் போனார். அப்புறம் சட்டம் படித்து, கொஞ்ச காலம் அரசு வழக்கறிஞராக இருந்துவிட்டு மனித உரிமை வழக்குகளுக்கு மாறினார். 1994ல் அரசாங்கத்தையும் பெரிய நிறுவனங்களையும் கேள்வி கேட்கிற மக்கள் இயக்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். பழைய பொருள்களை வாங்கி விற்று அறப்பணி செய்யும் கடைகளையும் நடத்தினார். முந்தைய மேயர், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவு பற்றிய வாக்கெடுப்பில் தோற்றுப் பதவி விலக, 2011 அக்டோபர் இடைத்தேர்தலில் கட்சி எதிலும் இல்லாமல் நின்று ஜெயித்தார்.

நமக்கு மேயர் என்றால் சமூக மேம்பாட்டு மன்றத்தின் மேயர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நகரத்தையே ஆளுகிற மேயர் சிங்கப்பூருக்கும் ஒரு காலத்தில் இருந்தார். 1957 டிசம்பர் நகரசபைத் தேர்தலில் வந்த ஓங் எங் குவான். அவரோடு அந்தப் பதவியும் முடிந்துபோனது. அதனால் பக்கத்து நாட்டு மேயர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குச் சினிமா பார்ப்பது போல இருக்கும். ஒரே ஆள் பேருந்து, சாக்கடை, பூங்கா, வாடகை எல்லாவற்றிலும் கை வைக்கிறார்.

அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் நான் சொல்கிற ஒரு விஷயம் உண்டு. எதிர்த்தரப்பின் கடிதத்தை முதலில் படி, நம் கட்சிக்காரர் சொல்வதை அப்புறம் படி. நம் கட்சிக்காரர் பேச்சைக் கேட்டுவிட்டு எதிர்த்தரப்பைப் படித்தால், படிக்கும்போதே பதில் எழுத ஆரம்பித்துவிடுவோம். எதிராளி உண்மையில் என்ன சொல்கிறான் என்பது மண்டையில் ஏறாது. அந்த மேயரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது, அவர் நல்ல பெயர் வாங்கிய வேலைகளில் எல்லாம் இந்தப் பழக்கம் தெரிந்தது. நான் செடி வைத்த கதையில் அது துளியும் இல்லை.

நள்ளிரவுப் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோலில் அதற்கு ஆந்தைப் பேருந்து என்று பெயர். 2013 ஏப்ரலில் இரண்டே தடங்களில் வெள்ளோட்டம் விட்டார்கள். அதற்குப் பின் தடங்களை முடிவு செய்ய, நள்ளிரவுக்கு மேல் எந்த வட்டாரத்திலிருந்து எத்தனை கைப்பேசி அழைப்புகள் போகின்றன என்று பார்த்தார்கள். 300 கோடி அழைப்புகளின் பதிவு. தனித்தனி ஆளை அடையாளம் காட்டாமல், கூட்டம் எங்கே என்று மட்டும் காட்டுகிற பதிவு. கடை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், துப்புரவு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் நிற்கிற இடம் அதில் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒன்பது தடங்கள் ஓடின. (இங்கேயும் நைட் ரைடர், நைட் அவுல் என்று ஓடிக்கொண்டிருந்தன. கிருமித்தொற்று வந்தபோது நின்றவை திரும்பி வரவே இல்லை. உணவங்காடியில் கடை வைத்திருக்கும் என் தம்பி இன்னும் அதைச் சொல்லிப் புலம்புவான்.)

2019 ஜூன் விடுமுறையில் சோலுக்கே போனோம். மகளுக்குக் கொரிய நாடகம், பாட்டு. எனக்கு அந்தப் பாலம்.

சோல் ரயில் நிலையத்துக்கு மேலே 1970ல் கட்டிய வாகன மேம்பாலம் அது. பாதுகாப்புச் சோதனையில் தேறாமல், இடித்துவிடுவதாக இருந்தார்கள். இடிக்காமல் மக்கள் நடக்கிற தோட்டமாக மாற்றி 2017 மே 20ல் திறந்தார்கள். பெயர் சோல்லோ 7017. எழுபதில் கட்டியது, பதினேழில் திறந்தது. பதினேழு வழிகளில் ஏறலாம் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். வட்டமான சிமெண்டுத் தொட்டிகள் 645, அவற்றில் சுமார் 24,000 செடிகளும் மரங்களும். கொரிய அகர வரிசைப்படி செடிக் குடும்பங்களை அடுக்கியிருக்கிறார்கள். மகள் நாடகம் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். ஒவ்வொரு தொட்டியாக நின்று பெயர்ப் பலகையைப் படித்து, “அம்மா, இப்போது இரண்டாவது எழுத்துக்கு வந்துவிட்டோம்” என்றாள். கீழே தண்டவாளங்களில் ரயில் போகிறது. தரையில் ஓரிடத்தில் கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தால், நம் செருப்புக்குக் கீழே கார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். பகல் ஒரு மணிக்கு அங்கே நிற்க முடியவில்லை. மரங்கள் இன்னும் சின்னவை, தரை முழுக்க சிமெண்டு, நிழல் இல்லை. நம்மூர்க் கூரை நடைபாதையில் வளர்ந்த உடம்பு இது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை மழையும் வெயிலும் படாமல் வந்து பழகிவிட்டது. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் கொடுக்கிற நிழலை அந்த அறுநூற்றுச் சொச்சம் தொட்டிகளும் சேர்ந்து கொடுக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு மறுபடி போனோம். அப்போது அருமையாக இருந்தது. அலுவலகம் விட்டவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அக்கரைக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

என் வேலைக்குப் பயன்பட்டது செடி இல்லை, அந்தப் பாலத்தின் சண்டைதான். 2014 செப்டம்பரில் நியூயார்க் போன மேயர், அங்கே பழைய ரயில் பாதையில் போட்ட ஹைலைன் பூங்காவில் நின்றபடி, எங்கள் மேம்பாலத்தையும் இப்படி மாற்றப்போகிறேன் என்று அறிவித்துவிட்டார். பக்கத்து நாம்டேமுன் சந்தைக் கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். பாலத்தின் ஒரு பக்கம் சந்தை, இன்னொரு பக்கம் துணி தைக்கிற சின்னச் சின்னப் பட்டறைகள். தைத்த துணி அந்தப் பாலத்தின் மேல்தான் சந்தைக்குப் போகும். வண்டி போகாவிட்டால் பிழைப்பு போகும். ஊர்வலம், கறுப்புப் பதாகை எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகுதான் மேயர் தரப்பு சந்தைக்குப் போய் உட்கார்ந்து பேசியது. பேசப் பேசத் திட்டம் மாறியது. 2015 டிசம்பரில்தான் போக்குவரத்தை நிறுத்த முடிந்தது.

வழக்கறிஞர், எதிர்த்தரப்பைக் கேட்டிருக்க வேண்டியவர், கடல் கடந்து போய் முதலில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு அப்புறம் விசாரணை நடத்தியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் செய்ததும் அதுதானே. செடியை நட்டுவிட்டு அப்புறம் அக்கம்பக்கத்தைப் பார்த்தேன்.

ஊர் திரும்பிய வாரமே வசிப்போர் குழுத் தலைவரைப் பார்த்தேன். “2017ல் என் செடியைப் பற்றிப் புகார் கொடுத்தது யார்?” என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். சரியான பதில்தான். பெயரைச் சொல்லிவிட்டால் நாளைக்கு யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். ஆகவே நானே தேடினேன். இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை, அந்த மூலையைப் பார்த்த 31 வீடுகள். ஒரு நோட்டுப் புத்தகம். சனிக்கிழமை மாலைகள்.

கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டேன். தோட்டம் வைக்கலாமா என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் முகத்துக்கு நேரே எல்லோரும் வைக்கலாம் என்பார்கள், மறுநாள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். நான் கேட்டது, “அந்த வாய்க்கால் ஓரத்தால் உங்களுக்கு என்ன தொந்தரவு?” அவ்வளவுதான். மனிதர்கள் தொந்தரவைச் சொல்ல எப்போதும் தயார். நான்காம் மாடி அக்கா பூனைக்கு யாரோ சோறு வைக்கிறார்கள் என்றார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மாளை அப்படித்தான் கூப்பிடுவோம்), மழை பெய்தால் அந்த இடத்தில் வழுக்குகிறது என்றார். ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே “ஒன்றும் வேண்டாம்” என்றார்கள். காப்புறுதி விற்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு சீன அங்கிள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கேள்வியை முடிப்பதற்குள், “ஞாமுக்” என்றார். மலாயில் கொசு. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், எனக்கு ஹொக்கியன் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக அந்தக் காலத்துச் சந்தை மலாய் இருந்தது. 2016ல் மனைவிக்கு டெங்கி. பதினொரு நாள் மருத்துவமனை. திரும்பி வந்த பிறகும் அந்த அம்மாள் பழைய மாதிரி ஆகவில்லை. சன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நேர் கீழே என் பழைய தோட்டம் இருந்த இடம். “வாளி,” என்றார். “ஒரு வாளி இருந்தது. அடித்தட்டில் தண்ணீர். தினமும் மேலேயிருந்து பார்ப்பேன்.”

என் துளசி வாளி.

“நான்தான் எழுதிப் போட்டேன்,” என்று அவரே சொன்னார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், வாளி என்னுடையது என்றேன். தெரியும் என்பது போலத் தலையாட்டினார். அவர் வீட்டுக் குளியலறையில் இருந்த மூன்று வாளிகளும் கவிழ்ந்திருந்தன. சமையலறையில் பாத்திரம் காயும் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கிளம்பும்போது கேட்டேன், “தண்ணீர் தேங்காமல் செடி வைக்க முடிந்தால் நீங்கள் பார்த்துச் சொல்வீர்களா?” யோசித்துவிட்டு, முதலில் எங்கே வைப்பாய் என்று காட்டு என்றார்.

எங்கே வைப்பது என்று மூன்று நாள் கீழ்த்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறரை. ஆந்தைப் பேருந்துக்காரர்களிடம் 300 கோடி அழைப்பு, என்னிடம் ஒரு நோட்டு. ஆனாலும் பயன் இருந்தது. எட்டு மாதம் செடி வளர்த்தபோது கண்ணில் படாத ஒன்று இரண்டாம் நாளே தெரிந்தது. அந்த வாய்க்கால் ஓரம் ஒரு குறுக்குவழி. இரண்டு பணிப்பெண்கள் பாட்டிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகத்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறார்கள். என் முருங்கை நின்ற காலத்தில் அவர்கள் சுற்றிப் போயிருக்க வேண்டும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெயில் கணக்கும் கிடைத்தது. அங்கே காலை வெயில் பத்தரைக்கு மேல் இல்லை. புளோக்கின் மறுபக்கம், பழைய பூப்பந்து மைதானத்தின் ஓரம், மூன்று மணி வரை வெயில் அடிக்கிறது, நடந்து போகிறவர்கள் குறைவு, தண்ணீர்க் குழாயும் பக்கம்.

இதற்குப் பிறகு செய்தவை எல்லாம் சாதாரணம். செய்ய நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நேராக நகர மன்றத்துக்குத் தனியாளாக எழுதாதீர்கள். வசிப்போர் குழு வழியாகப் போங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் இருந்து சமூகத் தோட்டங்களுக்கு வழிகாட்டுகிறது. எந்த இடத்தில், எந்த மண்ணில், எது வளரும் என்று ஆலோசனை கிடைக்கும். கடிதத்தில் கனவை எழுதாமல், இடத்தின் படம், அளவு, தண்ணீர் எங்கிருந்து, பூட்டுச் சாவி யாரிடம், செடி செத்தால் யார் எடுப்பது ஆகியவற்றை எழுதுங்கள். புகார்களையும் எழுதுங்கள். நான் 31 வீட்டுத் தொந்தரவுகளையும் பட்டியலாக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்வோம் என்று எழுதினேன். எதிர்த்தரப்பு கேட்கப்போகிற கேள்வியை நாமே எழுதி, பதிலையும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இது அலுவலகத்தில் கற்றது.

நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அனுமதி வாய்மொழியாகக் கிடைத்த அன்று, மகள் வரைந்த படத்தை புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பதினாறு பாத்திகள், நடுவில் பெஞ்சு, ஓரத்தில் வாழை. இரவுக்குள் பாத்தி பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் பாத்தி எனக்கு, பெஞ்சுப் பக்கம் எனக்கு. ஒருவர் இரண்டு பாத்தி கேட்டார், இன்னொருவர் அவருக்கு ஏன் இரண்டு என்றார். மூன்றாம் நாள் எழுத்தில் வந்த அனுமதியில் இருந்தது நான்கு தொட்டிகள், மூன்று மாதச் சோதனை. படத்தை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வீட்டார் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதே மேயர் இதே தவற்றை இங்கேயே செய்திருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது. பரிசு வாங்கச் சிங்கப்பூர் வந்த அந்தப் பயணத்தில், 2018 ஜூலை 10ஆம் தேதி, கூட வந்த செய்தியாளர்களிடம் யோயிடோவையும் யோங்சானையும் அடியோடு புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார். நம் மரினா பே பார்த்த உற்சாகமோ என்னவோ. சோலில் அந்த வட்டாரங்களில் வீட்டு விலை எகிறியது. ஆகஸ்ட் 26ல் திட்டத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். நடுவில் அதே கோடையில் அவர் மனைவியோடு சாம்யாங்-டோங் என்கிற ஏழைப்பட்ட பகுதியில், குளிர்சாதனம் இல்லாத மொட்டைமாடி அறையில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்தார். கொரியா கண்டிராத வெயில் அடித்த வருஷம். அதிபரே மின்விசிறி அனுப்பிவைத்தார். நாடகம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் அந்த மனிதர். ஒரு வாரம் வாய் முந்திக்கொள்ளும், மறு வாரம் போய் உட்கார்ந்து கேட்பார்.

அவரிடம் நான் முழுசாக ஏற்றுக்கொண்டது, கணக்கை மக்கள் பாஷையில் சொல்வது. 2011ல் புக்குஷிமா விபத்து, அதே ஆண்டு செப்டம்பரில் கொரியாவிலேயே பெரிய மின்வெட்டு. 2012ல் சோல் ஓர் இலக்கு வைத்தது. 20 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றலை மிச்சப்படுத்துவது, கூரையில் சூரியத் தகடு போன்றவற்றால் உற்பத்தி செய்வது. இப்படிச் சொன்னால் யாருக்கு விளங்கும்? “அணு உலையில் ஒன்றைக் குறைப்போம்” என்று பெயர் வைத்தார்கள். மின்சாரம் குறைத்த வீடுகளுக்குப் புள்ளிகள் கொடுத்தார்கள். 2014 கடைசிக்குள் என்று வைத்த இலக்கை ஜூனிலேயே தொட்டுவிட்டார்கள். நானும் “தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்” என்று எழுதிய அட்டையைக் கழற்றிவிட்டு, “ஒரு நாளைக்கு இரண்டு வாளி. மூன்றாவது வேண்டாம்” என்று எழுதி மாட்டினேன். வேலை செய்தது.

நான்கு தொட்டியில் என்ன வைத்தோம் என்றால், கறிவேப்பிலை, பண்டான், மிளகாய், லெமன்கிராஸ். எல்லாச் சமையலறைக்கும் ஏதாவது ஒன்று போகும். தொட்டிக்குக் கீழே தட்டு கிடையாது, செங்கல்தான். தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய்க்கு நெருக்கமான கம்பி வலை மூடி. கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும், ஆகவே வாரம் இரண்டு முறை பார்வை. பார்வையிடுகிறவர் மூன்றாம் மாடி அங்கிள். அவர் கேட்டுக்கொண்டதல்ல, நான் கேட்டேன். சின்ன டார்ச் ஒன்றோடு வருவார். வாழை இலைக்காம்பு போன்ற இடங்களில் தண்ணீர் தங்கும் என்று வாழையை அவர்தான் வேண்டாம் என்றார். மகளின் படத்தில் அழகாக இருந்த வாழை அப்படிப் போனது. மக்கும் உரம் போட ஒரு பெட்டி வைத்துப் பார்த்தோம், மூன்றே வாரத்தில் நாற்றம், எடுத்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து நான்கு பத்தானது.

2020ல் ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் வீட்டுக்குள். அந்த ஆண்டு டெங்கியும் 35,000 பேருக்கு மேல் வந்தது, அதுவரை இல்லாத எண்ணிக்கை. எங்கள் தொட்டிகளில் பாதி காய்ந்துபோயின, ஆனால் ஒன்றிலும் தண்ணீர் நிற்கவில்லை. நான் சன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. பீப்பாயைக் காலி செய்து கவிழ்த்து வைத்தது அவர்.

ஜூலையில் அந்தச் செய்தி வந்தது. சோல் மேயரைக் காணவில்லை என்று மாலையில், இறந்து கிடந்தார் என்று நள்ளிரவுக்குப் பிறகு. முந்தைய நாள்தான் அவரிடம் செயலாளராக இருந்த பெண், பாலியல் தொல்லை என்று காவல்துறையில் புகார் கொடுத்திருந்தார். 2021 ஜனவரியில் கொரிய மனித உரிமை ஆணையம் விசாரித்து, அவர் செய்தது பாலியல் தொல்லைதான் என்று முடிவு சொன்னது. கொரியாவில் முதன்முதலாக நீதிமன்றம் போன பாலியல் தொல்லை வழக்கில், பல்கலைக்கழக உதவியாளரான பெண்ணுக்காக வாதாடியவர்களில் ஒருவர் இதே வழக்கறிஞர். தொண்ணூறுகளில்.

நான் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதி வைத்திருந்தேன். அடித்துவிடலாமா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பாலமும் பேருந்தும் நடந்தவை, இதுவும் நடந்தது. ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை, கழிக்கவும் கூடாது. மனசில் நின்றது வேறு. அலுவலகத்துக்கு உள்ளேயே பலரிடம் சொல்லிப் பார்த்தும் பயனில்லை என்று அந்தப் பெண் தரப்பில் சொன்னார்கள். சோல் நகர மண்டபத்துக்கு முன்னால் காது வடிவத்தில் ஒரு பெரிய சிற்பம் வைத்திருந்தார்கள். மக்கள் வந்து அதில் பேசலாம். மகள் அதற்குள் வாயை வைத்து “ஹலோ” என்று கத்தியதை நான் படம் பிடித்திருக்கிறேன்.

அந்த வாரம் எங்கள் தோட்ட விதியில் ஒரு வரி சேர்த்தோம். அதுவரை எந்தப் புகார் என்றாலும் என் கைப்பேசிக்குத்தான் வரும். சாவியும் என்னிடம், பணமும் என்னிடம், புகாரும் என்னிடம். என்னைப் பற்றியே புகார் என்றால் எங்கே போவார்கள்? தோட்டம் நடத்துகிறவருக்கு எதிரான புகார் மக்சிக்கிடம் போகும், அவர் நேரே வசிப்போர் குழுவிடம் சொல்வார் என்று எழுதி அட்டையில் ஒட்டினோம். சாவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை மாற்றுகிறோம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, பத்துத் தொட்டிக்கு எதற்கு இவ்வளவு என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் புகார் இரண்டே மாதத்தில் வந்தது. நான் கறிவேப்பிலையை அளவுக்கு மேல் கிள்ளுகிறேனாம். மக்சிக் சிரிக்காமல் வந்து சொன்னார். விசாரித்தார்கள். உண்மைதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு கிளையையே ஒடித்திருந்தேன்.

இப்போது இருபத்தி இரண்டு தொட்டி. போன மாதம் ஏழாம் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கைக்குழந்தை. மீன் கழுவிய தண்ணீரை யாரோ செடிக்கு ஊற்றுகிறார்கள், வாடை சன்னலுக்கு வருகிறது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் பெயர் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. சனிக்கிழமை மாலை நான் கீழே இறங்கியபோது, மூன்றாம் மாடி அங்கிள் மின்தூக்கிக்குக் காத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் டார்ச். கையில் என் நோட்டு.

“எந்த மாடியிலிருந்து ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டார்.